61.8: ஒரு பெக்கும் கொஞ்சம் தாமிரபரணித் தண்ணியும்

டிஸ்கி: தமிழ்நாட்டில் மது வாங்க, குடிக்க சட்டப்படி 21 வயது முடிந்திருக்க வேண்டும். எனக்கு 22. அதற்குக் கீழே இருக்கிற ஜூனியர்கள் கணக்குப் பகுதியை மட்டும் படித்துவிட்டு நடையைக் கட்டலாம். :-)

பி.காம். படிக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் திருப்பிப் போட்டுப் பின்பக்க லேபிளைப் படிப்பான். எங்கள் ஊர் சேரன்மகாதேவியில் கன்னடியன் கால்வாய் ஓரமாகக் காலையில் நடந்தால் லேபிளுக்குப் பஞ்சமே இல்லை. ராத்திரி யாரோ குடித்துவிட்டுப் போட்ட காலி குவார்ட்டர் பாட்டில்கள் வரிசையாகக் கிடக்கும். பிராந்தி, விஸ்கி, ரம் என்று பெயர் வேறே, கலர் வேறே, விலை வேறே. ஆனால் லேபிளில் ஒரு எண் மட்டும் மாறவே மாறாது. 42.8%.

எங்கள் தெருவில் "இது செம ஸ்ட்ராங்கு மாப்ள", "அது சப்புன்னு இருக்கும்" என்று பிராண்டுக்காகச் சண்டை போட்டுக்கொள்ளும் அண்ணன்மார்களை எனக்குத் தெரியும். எல்லாரும் குடிப்பது அதே 42.8 தான். கலரும் வாசனையும் மாறுமே தவிர ஸ்ட்ராங்கு மாறாது.

அதென்ன 42.8? ஏன் 40 இல்லை, 43 இல்லை, 45 இல்லை?

வெள்ளைக்காரன் விட்டுப்போன கணக்கு அது. அந்தக் காலத்தில் சாராயத்துக்கு வரி போட அதன் வீரியத்தை அளக்க வேண்டியிருந்தது. வெடிமருந்தைச் சாராயத்தில் நனைத்துத் தீ வைப்பார்களாம். பற்றிக்கொண்டால் சரக்கு நிரூபணம் ஆனது, அதுதான் 'புரூஃப்'. பற்றாவிட்டால் தண்ணி அதிகம், அது 'அண்டர் புரூஃப்'. இந்தக் கதை எந்த அளவுக்கு நிஜமோ, பின்னாளில் பிரிட்டிஷ்காரர்கள் கருவி வைத்து அளந்து 100 புரூஃப் என்றால் சுமார் 57.15% ஆல்கஹால் என்று முடிவு செய்தார்கள். அதில் முக்கால் பங்கு, அதாவது 75 புரூஃப், எவ்வளவு வருகிறது? கால்குலேட்டரைத் தட்டிப் பாருங்கள். 42.86. அவ்வளவுதான் ரகசியம். வெள்ளைக்காரன் போயும் அவன் தராசு போகவில்லை.

அமெரிக்காக்காரன் கணக்கு இன்னும் சுலபம். சதவீதத்தை இரண்டால் பெருக்கினால் புரூஃப். அதனால் கென்டக்கியில் காய்ச்சும் வைல்ட் டர்க்கி 101 என்கிற போர்பன் விஸ்கியில் இருப்பது 50.5% ஆல்கஹால். பிரிட்டிஷ் கணக்கில் அதையே அளந்தால் 88 புரூஃப் தான் வரும். ஒரே சரக்கு, ரெண்டு பேரேடு, ரெண்டு வேற தொகை. ஆடிட்டிங் வகுப்பில் உதாரணம் கேட்டால் இதைச் சொல்லலாம், வாத்தியார் விட்டால்.

இந்த எண் விளையாட்டையெல்லாம் எனக்கு அறிமுகம் செய்தது பெங்களூரில் இருக்கிற எங்கள் சித்தப்பா. அவரைப் பற்றிச் சொல்லும் முன் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் அப்பாவோடு பிறந்தவர்கள் ரெண்டு பேர். மூத்தவர் பெரியப்பா. நான் எட்டாவது படிக்கும்போது ஈரல் கெட்டுப்போய் இறந்தார். அப்போது அவருக்கு 46 வயது. நல்ல மனுஷன், கைவேலை தெரிந்தவர், ஆற்றில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். தினமும் ஒரு குவார்ட்டர் என்று இருந்தது ரெண்டாகி, காலையிலேயே கட்டிங் என்று ஆகி, முடிந்துபோனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் 'குடி' என்ற சொல்லையே யாரும் சொல்வதில்லை. தண்ணி குடி என்று சொன்னால்கூட ஆச்சி முகம் ஒரு நொடி மாறும்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த சித்தப்பா சனிக்கிழமை ராத்திரி ஒரே ஒரு பெக் குடிப்பார். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் பேச மாட்டார்கள். போன செமஸ்டர் லீவில் பெங்களூர் போயிருந்தேன். திருநெல்வேலியில் ரயில் ஏறும்போது என் கையில் துணிப்பை ஒன்று, அம்மா கொடுத்த இட்லிப்பொடி டப்பா ஒன்று, அஞ்சு லிட்டர் கேனில் காய்ச்சி வடிகட்டிய தாமிரபரணித் தண்ணி. ஊரிலிருந்து யார் வந்தாலும் சித்தப்பா கேட்கிற ஒரே பொருள் அதுதான்.

சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் சித்தி பீரோ சாவியை எடுத்துக் கொடுத்தார். ஆமாம், சாவி சித்தியிடம்தான் இருக்கும். பாட்டிலின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ் வரை வெள்ளைக் காகிதம் ஒட்டி, ஒவ்வொரு மட்டத்திலும் கோடு போட்டுத் தேதி எழுதியிருந்தது. சாட்சாத் ஸ்டாக் ரிஜிஸ்டர். 750 மி.லி. பாட்டில், வாரம் 30 மி.லி. என்றால் 25 வாரம். கிட்டத்தட்ட அரை வருஷத்துக்கு ஒரு பாட்டில். கோடு தப்பினால் சித்திக்குத் தெரிந்துவிடும்.

லேபிளைத் திருப்பினேன். (வியாதி!) 61.8%.

"என்ன சித்தப்பா, அச்சுப்பிழையா?"

"இல்லலே. பீப்பாய்ல இருந்த மாதிரியே பாட்டில்ல ஊத்துனது. தண்ணி சேக்கல."

அது அம்ருத் என்கிற கம்பெனியின் சிங்கிள் மால்ட், 'காஸ்க் ஸ்ட்ரெங்த்' வகை. பெங்களூர்க் கம்பெனி. 1948-ல் ராதாகிருஷ்ண ஜக்தாளே ஆரம்பித்தது. ரொம்ப காலம் எல்லாரையும் போல ரம், பிராந்தி என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்கும் மலிவுச் சரக்கில் பெரும்பகுதிக்கு அடிப்படை சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற மொலாசஸில் காய்ச்சிய சாராயம்தான். அதில் கொஞ்சம் மால்ட் விஸ்கி கலந்து, கேரமல் போட்டு நிறம் ஏற்றுவார்கள். ஐரோப்பாவில் இதை விஸ்கி என்று விற்க முடியாது, சட்டம் விடாது. அம்ருத் முழுக்க முழுக்க முளைகட்டிய பார்லியில் செய்த விஸ்கியை 2004-ல் எடுத்துக்கொண்டு போய் அறிமுகப்படுத்திய இடம் எது தெரியுமா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. திருநெல்வேலி இருட்டுக்கடை வாசலில் போய் அல்வா விற்கிற தைரியம்! 2010-ம் வருஷத்து விஸ்கி பைபிளில் ஜிம் முர்ரே என்ற விமர்சகர் அம்ருத் ஃபியூஷனை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கியாகப் போட்டபிறகுதான் நம் ஊர்க்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

சித்தப்பா எனக்கும் ஊற்றவில்லை, முதலில் கணக்குச் சொன்னார். என் காதுக்கு அது இனிமையாகத்தான் இருந்தது.

விஸ்கி ஓக் மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடக்க வேண்டும். மரம் மூச்சு விடும், அதனால் உள்ளே இருப்பது மெல்ல ஆவியாகிப் போகும். தேவதைகள் குடித்துவிட்டுப் போகிற பங்கு என்று அதற்கு ஸ்காட்லாந்தில் செல்லப் பெயர். அந்தக் குளிரில் வருஷத்துக்குச் சுமார் 2% தான் போகும். பெங்களூர் வெயிலில் 10 சதவீதமோ அதற்கு மேலோ போகும். நாம் படித்த தேய்மானக் கணக்கில் குறைந்து செல் மதிப்பு முறை இருக்கிறதே, அச்சு அசல் அதுதான். 100 லிட்டரை வைத்தால் முதல் வருஷக் கடைசியில் 90, அப்புறம் 81, 72.9, நாலாம் வருஷம் 65.6. ஸ்காட்லாந்தில் 12 வருஷம் வைத்தாலும் 78 லிட்டர் மிச்சம் இருக்கும். எட்டு வருஷம் பெங்களூரில் வைத்தால் பாதிக்கும் கீழே போய்விடும். 2013-ல் அப்படி எட்டு வருஷம் வைத்த ஒரு சரக்கை வெளியிட்டபோது அம்ருத் அதற்கு வைத்த பெயரின் அர்த்தமே 'பேராசை பிடித்த தேவதைகள்'.

"நஷ்டம்தான சித்தப்பா? எதுக்கு வெயில்ல வச்சு இந்தத் தொழில்?"

"நஷ்டம் ஒரு பக்கம். அதே வெயில்தான் மரத்துல இருக்கத சீக்கிரம் இழுத்துட்டு வருது. அங்க பன்னெண்டு வருஷத்துல நடக்குறது இங்க நாலஞ்சு வருஷத்துல நடந்துருது. பேரேட்டுல ரெண்டு பக்கமும் எழுதணும்லா."

அந்தப் பீப்பாய்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் போர்பன் நுழைகிறது. போர்பன் என்று பெயர் போட வேண்டுமானால் அமெரிக்கச் சட்டம் சில நிபந்தனை வைக்கிறது. தானியத்தில் குறைந்தது 51% மக்காச்சோளம் இருக்க வேண்டும். பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நிறமோ மணமோ தனியாகச் சேர்க்கக் கூடாது. முக்கியமாக, உள்பக்கம் தீயில் கருக்கிய புத்தம் புது ஓக் பீப்பாயாக இருக்க வேண்டும். ஒரு தடவை பயன்படுத்தியதை அடுத்த போர்பனுக்குப் பயன்படுத்த முடியாது. அப்போ காலிப் பீப்பாயை என்ன செய்வது? விற்றுவிடுவார்கள். ஸ்காட்லாந்து வாங்கும், பெங்களூரும் வாங்கும். அவனுக்குக் கழிவு, இவனுக்கு மூலப்பொருள். கென்டக்கி மக்காச்சோளத்தின் வாசனை இழைந்த மரத்துக்குள் நம் வடநாட்டுப் பார்லி நாலு வருஷம் கிடந்து வெளியே வருகிறது. 61.8 என்பது அந்தக் கிடப்பின் முடிவில் இருந்த வீரியம். நம் கடையில் நிற்கும் 42.8 பாட்டில்களில் தண்ணி சேர்க்கும் வேலையைக் கம்பெனியே முடித்திருக்கும். இதில் அந்த வேலையை நம் கையில் கொடுத்துவிட்டார்கள்.

சரி, குடித்த கதைக்கு வருகிறேன்.

அல்வாக் கிண்ணம் மாதிரி அடி பருத்து வாய் குறுகிய கண்ணாடி டம்ளர். அளவு மூடியில் சரியாக 30 மி.லி. சித்தப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. சித்தி பாட்டிலில் ரெண்டு கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டு, பீரோவைப் பூட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"மூக்க உள்ள விடாத. வாயக் கொஞ்சம் தொறந்து வச்சுக்கிட்டு, டம்ளரத் தள்ளிப் பிடி."

ஆர்வக்கோளாறில் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனேன். ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டை மூக்கில் ஊற்றிய மாதிரி ஒரு குத்து. தள்ளிப் பிடித்த பிறகு குத்து போய், பின்னாலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. முதலில் புதிதாக இழைத்த மரத்தூள். அப்புறம் நன்றாகப் பழுத்த வாழைப்பழம். அப்புறம் பாயசத்தில் போடுகிற வறுத்த தேங்காய். கற்பனை என்று நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால் கற்பனை இல்லை. ஓக் மரத்தில் லாக்டோன் என்று ஒன்று இருக்கிறது, அதன் வாசனையே தேங்காய்தான், அமெரிக்க ஓக்கில் அது அதிகம். மரத்தைச் சுட்டால் வெனிலின் வரும், ஐஸ்கிரீமில் போடுகிற அதே சங்கதி. வாழைப்பழம் நொதிக்கும்போதே ஈஸ்ட் உண்டாக்குவது. தென்னையும் வாழையுமாகக் கிடக்கிற ஆற்றங்கரையில் வளர்ந்தவனுக்கு இந்த ரெண்டும் முதலில் பிடிபட்டதில் ஆச்சரியம் இல்லை. வேறு ஊர்க்காரன் வேறு எதையாவது சொல்வான்.

தண்ணி சேர்க்காமல் ஒரு சொட்டு, நாக்கு நனைகிற அளவு. உதடு, நாக்கு நுனி, தொண்டை என்று வரிசையாகப் பற்றிக்கொண்டு நெஞ்சில் போய் உட்கார்ந்தது. சுக்குக் கஷாயத்தை மடக்கென்று குடித்தால் வருமே, அதைப் போல நாலு பங்கு. கண்ணில் தண்ணி. சித்தப்பா சிரித்தார். "விழுங்கிறாத, மெல்லு. எச்சில் ஊறட்டும், அதுவே பாதித் தண்ணி."

அடுத்ததுதான் விஷயமே. பழைய சொட்டு மருந்து பாட்டிலின் ஃபில்லரில் தாமிரபரணித் தண்ணியை எடுத்து டம்ளரில் விடச் சொன்னார். விட்டதும் உள்ளே எண்ணெய்க் கோடு மாதிரி நெளிந்து நெளிந்து கலந்தது. மறுபடி முகர்ந்தால் வாசனை கூடியிருந்தது! தண்ணி ஊற்றினால் குறையத்தானே வேண்டும்? இதற்கு 2017-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் ரெண்டு பேர் கணினியில் கணக்குப் போட்டு விளக்கம் சொன்னார்கள். விஸ்கிக்கு மணம் தருகிற குவையகால் போன்ற மூலக்கூறுகள், ஆல்கஹால் ரொம்ப அதிகமாக, 59 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது, அந்த ஆல்கஹாலுக்குள்ளேயே அமுங்கிக் கிடக்கும். 45 சதவீதத்துக்குப் பக்கத்திலோ கீழேயோ தண்ணி சேர்த்து இறக்கினால் மேற்பரப்புக்கு வந்துவிடும். மேற்பரப்பில் இருந்தால்தானே மூக்குக்கு எட்டும்.

30 மி.லி.யை 61.8-லிருந்து 50-க்கு இறக்க 7 மி.லி. தண்ணி போதும். நம் ஊர் லேபிளின் 42.8-க்கு இறக்க 13 மி.லி. (கலக்கும்போது மொத்தக் கொள்ளளவு லேசாகச் சுருங்கும், அதை விட்டுவிட்டேன். காஸ்ட் அக்கவுண்டிங்கில் இதைச் சாதாரண நஷ்டம் என்பார்கள்.) 50-க்குப் பக்கத்தில் வந்தபோது எரிச்சல் அடங்கி இனிப்பு மேலே வந்தது. வெறும் இனிப்பு இல்லை, உடன்குடிப் பக்கத்துப் பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டால் கடைசியில் லேசாகப் புகை மாதிரி ஒன்று வருமே, அது. முடிவில் மிளகும் ஆரஞ்சுத் தோலும். 42.8-க்கு இறக்கியபோது நாக்கு உறைக்கவே இல்லை, ஆனால் தேங்காய் போய்விட்டது. ஒரே டம்ளரில் மூன்று சரக்கு. 30 மி.லி. முடிய எங்களுக்கு 50 நிமிஷம் ஆனது. கால்வாய்க் கரையில் குவார்ட்டர் முடிய எத்தனை நிமிஷம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ராவாக ஒரு மடக்கு, மேலே தண்ணி பாக்கெட்டை ஒரு பீய்ச்சு, ஊறுகாயை ஒரு நக்கு. நாக்கில் படக்கூடாது என்பதுதான் அங்கே குறிக்கோள்.

தண்ணி விஷயத்தில் ஒரு சோதனையும் செய்தேன். பெங்களூருக்கு வருவது காவேரித் தண்ணி. "நம்ம ஆத்துத் தண்ணி வேற, கண்ணக் கட்டிக்கிட்டுச் சொல்லுவேன்" என்றார் சித்தப்பா. கட்டினோம். ஆறு டம்ளர், எல்லாம் வெறும் தண்ணி, மூன்றில் தாமிரபரணி, மூன்றில் காவேரி. ஆறில் மூன்று சரி. காசு சுண்டினாலும் அதே மார்க் தான் வரும். "கேன் பிளாஸ்டிக் வாடை ஏறிட்டுலே" என்று சமாளித்தார். ஊர்ப்பாசத்துக்குச் சதவீதம் கிடையாது போல. :-)

இதுவரைக்கும் படித்துவிட்டு, "ஆஹா, ரசனையோடு குடித்தால் குடி இல்லை, கலை" என்று யாராவது கிளம்பினால், கொஞ்சம் நில்லுங்க. அந்த ராத்திரி சித்தி சொன்ன ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

நாங்கள் வாழைப்பழம், தேங்காய் என்று பேசிக்கொண்டிருந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தவர், சட்டென்று சொன்னார்: "உங்க அண்ணனும் மொதல்ல சனிக்கெழம மட்டும்தான் குடிச்சாங்க."

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார். "அதுக்குத்தாம்லே சாவி அவகிட்ட. அண்ணன் ருசி தெரிஞ்சிருந்தா பொழச்சிருப்பான்னு நான் சொல்ல மாட்டேன். அது நோய். நோய்க்கு ருசி கெடையாது. ஆனா ஒண்ணு. 'எவ்வளவு குடிச்ச'ன்னு வீட்ல எல்லாரும் கேட்டோம். நானும் கேட்டேன். அவனுக்கு அது புடிச்சிருக்கா, எதுக்காகக் குடிக்கான்னு ஒருத்தரும் கேக்கல. ஒருநாள்கூட அவன் அத ருசிச்சு நான் பாத்ததில்ல."

அப்புறம் ஊருக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 61.8-ல் 30 மி.லி. என்றால் சுத்த ஆல்கஹால் 18.5 மி.லி., எடையில் சுமார் 14.6 கிராம். 42.8-ல் ஒரு குவார்ட்டர், 180 மி.லி. என்றால் 77 மி.லி., சுமார் 61 கிராம். நாலு மடங்குக்கும் மேல். ஆனால் 14.6 கிராம் என்பது பூஜ்யம் இல்லை. வாசனையை ரசித்தாலும், ஸ்வீடன் ஆராய்ச்சியைப் படித்தாலும், ஒரு கிராம்கூடக் குறையாது. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது, உடம்புக்குப் பாதகமில்லாத அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று. ஈரலுக்குச் சிங்கிள் மால்ட்டும் மொலாசஸும் தெரியாது. பெரியப்பா மாதிரி ஒருத்தருக்குச் சரியான அளவு பூஜ்யம் மட்டும்தான். அந்த ஒருத்தர் யார் என்று முதல் பெக்கில் எந்த லேபிளும் சொல்லாது. என் ரத்தத்தில் அது இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது. அதனால் சித்தப்பா வீட்டில் குடித்த அந்த 30 மி.லி.யோடு என் ரிஜிஸ்டர் நிற்கிறது. அடுத்த கோடு எப்போது என்று முடிவு செய்யவில்லை, அவசரமும் இல்லை.

ஆனால் 'ஸ்ட்ராங்கு' என்ற சொல் எனக்கு மாறிவிட்டது. அமெரிக்காவில் 1890-கள் வரை விஸ்கியில் புகையிலைச் சாறு வரை எதை வேண்டுமானாலும் கலந்து விற்றிருக்கிறார்கள். அதற்காக 1897-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் காய்ச்சியது, அரசு மேற்பார்வையில் உள்ள கிடங்கில் குறைந்தது நாலு வருஷம் வைத்தது, சரியாக 100 புரூஃப், அதாவது 50%. இத்தனையும் இருந்தால்தான் 'பாட்டில்டு இன் பாண்ட்' என்று போடலாம். அங்கே ஸ்ட்ராங்கு என்பது ஒரு வாக்குறுதி. உள்ளே இருப்பது இதுதான், இவ்வளவுதான், வேறெதுவும் இல்லை. நம் ஊரில் ஸ்ட்ராங்கு என்றால் கிக். சீக்கிரம் ஏறணும், அவ்வளவுதான். கிக்கை மட்டும் தேடுகிற சந்தையில் எண்ணே இல்லாத சரக்கும் விலை போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதுதான் நடந்தது. பாக்கெட்டில் வந்த சாராயத்தில் மெத்தனால். 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கப் பின்பக்க லேபிள் கிடையாது.

தமிழ்நாட்டில் 1983-ல் டாஸ்மாக் வந்தது. 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடையும் அரசாங்கமே நடத்துகிறது. கடையை மூடலாமா வேண்டாமா என்று அன்றிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம். பேச வேண்டியதுதான். அதில் தீர்ப்புச் சொல்லும் வயசு எனக்கில்லை. ஒன்று மட்டும் தோன்றுகிறது. காபி டிக்காஷன் இறங்கின பதம், அல்வாவில் நெய் பிரிந்த பதம், பதநீர் புளிக்க ஆரம்பித்துவிட்டதா இல்லையா என்பது வரை நாக்கால் தீர்ப்புச் சொல்கிற ஊர் இது. இத்தனை பேர் தினமும் விழுங்குகிற ஒரு பொருளைப் பற்றி மட்டும் எங்களிடம் இருக்கிற ஒரே கேள்வி, எவ்வளவு?

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் நானே சொன்னேன், சித்தப்பா வீட்டில் குடித்தேன் என்று. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எவ்வளவு?"

"முப்பது மில்லி. மருந்து மூடியில மூணு மூடி."

முறத்தைக் கீழே வைத்தாள். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். பெரியப்பா ஞாபகம் வந்திருக்கும். நான் எதுவும் பேசவில்லை. அப்புறம், இருபது வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் கேட்காத அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"எப்படிலே இருந்துச்சு?"

சொன்னேன். மரத்தூள், பழுத்த வாழைப்பழம், வறுத்த தேங்காய், பனங்கற்கண்டு, கடைசியில் கொஞ்சம் மிளகு என்று ஒன்று விடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு முறத்தை எடுத்தாள்.

"தேங்காயும் பழமும் கற்கண்டும் அடுக்களையிலயே இருக்குல்லா. அதுக்கு எதுக்குலே பெங்களூருக்கு டிக்கெட் போட்ட?"